கார்ப்பெட் கழுவும் இயந்திரம் நீரை உறிஞ்சவில்லையா?

செனாய் மூத்த குடிமக்களுக்கான வீட்டு நலக் குறிப்பு

தீபாவளி நெருங்கினால் வரவேற்பறை கார்ப்பெட்டைக் கழுவுவது பல வீடுகளில் வழக்கம். கழுவும் இயந்திரம் இரண்டு வேலைகளைச் செய்கிறது. முதலில் சோப்பு நீரைத் தெளிக்கிறது. பிறகு அந்த நீரை அழுக்கோடு உறிஞ்சி எடுக்கிறது. உறிஞ்சும் சக்தி குறைந்தால், தெளித்த நீர் கார்ப்பெட்டுக்குள்ளேயே தங்கிவிடும். அப்படித் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள்; மேலும் நீர் தெளிக்காதீர்கள்.

இதில் உடல்நலத்துக்கு என்ன ஆபத்து?

நம் ஊர்க் காற்றில் எப்போதும் ஈரம் அதிகம். மழைக்காலத்தில் துணிகூட எளிதில் காயாது. நனைந்த கார்ப்பெட் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயாவிட்டால் அதில் பூஞ்சை வளரத் தொடங்கலாம். கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகளும் ஈரத்தில் பெருகும். இவை ஆஸ்துமா, தும்மல், மூக்கடைப்பு ஆகியவற்றைத் தூண்டும். மேலும், ஈரக் காலோடு டைல்ஸ் தரையில் நடந்தால் வழுக்கி விழலாம். முதிய வயதில் ஒரு முறை விழுந்தாலே இடுப்பெலும்பு முறியக்கூடும்.

சரிபார்க்கும் முறை

முதலில் சுவிட்சை அணைத்து, உலர்ந்த கையால் பிளக்கைக் கழற்றுங்கள். குனியாமல், நாற்காலியில் அமர்ந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

1. அழுக்கு நீர்த் தொட்டி: தொட்டி நிறைந்ததும் உள்ளிருக்கும் மிதவை மேலெழுந்து காற்றுப் பாதையை அடைத்துவிடும். இயந்திரத்தின் சத்தமும் மாறும். தொட்டியைக் காலி செய்யுங்கள். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை. ஆகவே பாதி நிறைந்ததுமே கொட்டிவிடுவது முதுகுக்கு நல்லது.

2. நுரை: சோப்பு அதிகமானால் நுரை பொங்கி மிதவையைத் தூக்கிவிடும். புட்டியில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஊற்றாதீர்கள்.

3. மூடி: தொட்டியின் மூடியும் அதன் ரப்பர் வளையமும் சரியாகப் பொருந்தாவிட்டால் வெளிக்காற்று உள்ளே புகுந்து உறிஞ்சும் சக்தி குறையும். துடைத்துவிட்டு அழுத்தி மூடுங்கள்.

4. வாய்ப்பகுதி: தரையைத் தொடும் பகுதியில் முடி, நூல், பஞ்சு அடைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். கையுறை அணிவது நல்லது.

5. குழாய்: குழாய் உள்ள இயந்திரமானால் அதில் அடைப்போ விரிசலோ உள்ளதா என்று பாருங்கள்.

6. வடிகட்டி: கழுவக்கூடிய வடிகட்டியானால் அலசி, முழுவதும் காய்ந்த பிறகே பொருத்துங்கள்.

இவ்வளவு பார்த்தும் சரியாகவில்லை என்றால் மோட்டாரைத் திறக்காதீர்கள். பழுதுபார்க்கும் கடைக்கு அனுப்புங்கள். சாதாரண தூசி உறிஞ்சியால் நீரை எடுக்கவே கூடாது, மின்சாரம் தாக்கும்.

நீர் ஏற்கெனவே தங்கிவிட்டதா?

உலர்ந்த பழைய துண்டுகளை விரித்து அழுத்தி, ஈரத்தை ஒற்றி எடுங்கள். கார்ப்பெட்டைத் தூக்கும் வேலையைப் பிள்ளைகளிடமோ பேரப்பிள்ளைகளிடமோ சொல்லுங்கள். மழை இல்லாதபோது சன்னலைத் திறந்து மின்விசிறியை ஓடவிடுங்கள். காயும்வரை அதன்மேல் நடக்காதீர்கள். வெள்ளைத் துணியை அழுத்திப் பாருங்கள். ஈரம் ஒட்டாவிட்டால், அடிப்புறத்தையும் தொட்டுப் பார்த்த பிறகு விரிக்கலாம். புழுங்கிய வாடை போகவே இல்லையென்றால் அந்தக் கார்ப்பெட்டை வீட்டிலிருந்து அகற்றுவதே நல்லது. ஆஸ்துமா உள்ளவருக்குக் கார்ப்பெட் இல்லாத தரையே ஏற்றது.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

கார்ப்பெட் கழுவிய பிறகு இருமல், மூச்சிரைப்பு, நெஞ்சில் இறுக்கம் தொடர்ந்தால் அருகிலுள்ள சுகாதார கிளினிக்குக்குச் செல்லுங்கள்; பயன்படுத்தும் மருந்துகளையும் எடுத்துச் செல்லுங்கள். பேச முடியாத அளவு மூச்சுத் திணறினாலோ, விழுந்து எழ முடியாவிட்டாலோ 999 எண்ணை அழையுங்கள்.