இணைப்பு உண்டு, இணையம் இல்லை

மடிக்கணினி வைஃபை இணைப்பு இருப்பதாகக் காட்டும். ஆயினும் இணையம் திறவாது. பிள்ளைகளின் பள்ளிப்பாடம் தடைப்படும். உடனே கணினி பழுதெனக் கருதிக் கடையில் பணம் செலவிடுதல் வேண்டா. வைஃபை என்பது கணினிக்கும் வீட்டிலுள்ள ரவுட்டர் பெட்டிக்கும் இடைப்பட்ட தொடர்பு மட்டுமே. பெட்டிக்கும் வெளியுலகிற்கும் உள்ள தொடர்பு வேறு. குழாய் இருப்பதனாலேயே தொட்டியில் நீர் இருப்பதாகக் கொள்ளலாகாது அன்றோ?

முதலில் கைப்பேசியின் சிம் டேட்டாவை நிறுத்தி, அதனை அதே வைஃபையில் இணைத்துப் பார்ப்போம். அதிலும் இணையம் வராவிடில், குறை பெரும்பாலும் கணினியில் இல்லை. ரவுட்டரின் மின்சாரத்தை நிறுத்தி, அரை நிமிடம் கழித்துப் போட்டு, விளக்குகள் நிலைபெறும்வரை காத்திருப்போம். சிம் அட்டையில் இயங்கும் ரவுட்டராயின், டேட்டா தீர்ந்துவிட்டதா என நோக்குவோம். பின்னும் வராவிடில் சேவை நிறுவனத்திற்கு அறிவிப்போம்.

கைப்பேசியில் இணையம் வந்தால், கணினியையே ஆராய்தல் வேண்டும். அதனை நிறுத்தி மீண்டும் இயக்குவோம். தேதியும் நேரமும் பிழைபட்டிருப்பின் பல தளங்கள் திறவா, அவற்றைத் திருத்துவோம். வைஃபை அமைப்புப் பகுதியில் ஐபி எண் 169.254 எனத் தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து கணினி எண் பெறவில்லை என்பது பொருள். சேமித்த வைஃபை பெயரை நீக்கி, கடவுச்சொல்லை இட்டு மீண்டும் இணைப்போம்.

குறை எங்கே என அறிந்தபின் செலவிடுவதே சிக்கனமாகும்.