மண்ணைக் கேட்டு மெஷினை வாங்குங்க!

"அக்கா, லீவு நாள்ல தங்கம் தேடப் போகலாம்னு இருக்கோம். எந்த மெட்டல் டிடெக்டர் வாங்கலாம்?" மெல்பர்னில் எந்தப் பிறந்தநாள் விழாவுக்குப் போனாலும் ஒரு தம்பியோ தங்கையோ இதைக் கேட்டுவிடுகிறார்கள். எந்த மண்ணில் தேடப் போறீங்க என்றுதான் நான் முதலில் கேட்பேன். அது தெரியாமல் மெஷின் சொல்ல முடியாது.

மெல்பர்னிலிருந்து இரண்டு மணி நேரம் காரில் போனால் மேரிபரோ, டனோலி, வெடர்பர்ன் என்று தங்கம் விளைந்த ஊர்கள் வரிசையாக வரும். 1869-ல் அதே பக்கத்து மோலியாகலில் ஜான் டீசன், ரிச்சர்ட் ஓட்ஸ் இருவரும் கண்டெடுத்த 'வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்' கட்டி 70 கிலோவுக்கு மேல். அது மண்ணுக்குச் சில சென்டிமீட்டர் கீழேதான் கிடந்தது. 1980-ல் கிங்கோவர் பக்கம் டிடெக்டரில் சிக்கிய 'ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்' 27 கிலோ. இந்தக் கதைகளில் மயங்கித்தான் எல்லோரும் கிளம்புகிறோம். ஆனால் நம் கைக்கு வருவது பெரும்பாலும் அரிசிமணி அளவுதான். அந்த அரிசிமணியைப் பிடிக்கிற மெஷினாகப் பாருங்க.

அங்கே மண் சிவப்பு. இரும்புச்சத்து ஏறிய மண், நடுநடுவே இரும்புக்கல். டிடெக்டருக்கு அந்த மண்ணே ஒரு உலோகம் மாதிரி கத்தும். இங்கேதான் இரண்டு வகை மெஷின்களின் வித்தியாசம் தெரிய வேண்டும்.

வெரி லோ ஃப்ரீக்வென்சி, சுருக்கமாக வி.எல்.எஃப்., வகை இடைவிடாமல் அலை அனுப்பிக்கொண்டே கேட்கும். எடை குறைவு, விலையும் குறைவு. இது இரும்பு ஆணி என்று ஓரளவு பிரித்தும் சொல்லும். இதில் அலைவரிசை முக்கியம். நாணயம் தேடும் சாதாரண மெஷின்கள் 10 கிலோஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் வேலை செய்யும்; பொடித் தங்கத்துக்கு அது போதாது. மைன்லேப் கோல்ட் மான்ஸ்டர் 45 கிலோஹெர்ட்ஸ், ஃபிஷர் கோல்ட் பக் 2 மாடல் 71 கிலோஹெர்ட்ஸ். பொடியைப் பிடிப்பதில் இவை கெட்டி. ஆனால் இரும்பு மிகுந்த மண்ணில் ஆழம் போகாது, சும்மாவும் கத்தும்.

பல்ஸ் இண்டக்ஷன், சுருக்கமாக பி.ஐ., ஒரு துடிப்பை அனுப்பி, நிறுத்தி, அதற்குப் பிறகு திரும்பி வருவதைக் கேட்கும். மண்ணின் எதிரொலி சட்டென்று அடங்கிவிடுவதால் உலோகத்தின் குரல் தனியாகக் கேட்கும். சிவப்பு மண்ணில் ஆழத்துக்கு இதுதான். குறை இரண்டு: விலை பல ஆயிரம் டாலர், ஆணியா தங்கமா என்று பிரித்துச் சொல்வது குறைவு. அதனால் கேட்ட இடமெல்லாம் தோண்ட வேண்டும். 1850-களின் தங்க வேட்டைக்காரர்கள் விட்டுப்போன ஆணியும் ஈயக் குண்டும் அங்கே ஏராளம். என் முதல் மூன்று பயணங்களில் ஒரு டப்பா நிறைய அவைதான் சேர்ந்தன. மண்வெட்டியில் ஒரு காந்தம் ஒட்டி வைத்த பிறகு ஆணித் தொல்லை பாதி குறைந்தது.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். மாதம் ஒரு முறை போகிறவர்களுக்கு நல்ல வி.எல்.எஃப். போதும். வாரா வாரம் போவேன், இந்த மண்தான் என்று உறுதியானால் பி.ஐ.க்குப் பணம் சேருங்க. கடன் வாங்கி வாங்காதீங்க. அந்த ஊர்க் கடைகளில் டிடெக்டர் வாடகைக்குக் கிடைக்கும். ஒரு வார இறுதிக்கு எடுத்துப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்க.

தூக்கிப் பார்க்காமல் வாங்கவே கூடாது. மைன்லேப்பின் ஜி.பி.எக்ஸ். 6000 சுமார் 2 கிலோ, ஜி.பி.இசட். 7000 மாடல் 3 கிலோவுக்கு மேல். கடையில் தெரியாத அந்த ஒரு கிலோ, நாள் முழுக்க வீசி நடந்தபின் தோளில் தெரியும்.

கடையில் உங்க மோதிரத்தைக் காட்டிச் சோதிக்காதீங்க. மோதிரம் மூடிய வளையம். அதே எடையுள்ள தங்கக் கட்டியைவிட நன்றாகவே சத்தம் கொடுத்து ஏமாற்றும். தூண்டிலில் கட்டுகிற ஈயக் குண்டில் மிகச் சின்னதாக ஒன்றை ஓர் அட்டையில் ஒட்டிக்கொண்டு போங்க. ஈயமும் தங்கமும் டிடெக்டருக்குக் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் கேட்கும். காயிலுக்கு, அதாவது டிடெக்டரின் அடித்தட்டுக்கு, மேல் அட்டையை எவ்வளவு உயரம் வரை தூக்கினால் கேட்கிறது என்று பாருங்க. பத்து மீட்டர் தள்ளியே தங்கத்தைக் காட்டும் என்று யாராவது ஆன்டெனா வைத்த பெட்டியை நீட்டினால் நம்பாதீங்க, அப்படி ஒரு கருவி கிடையாது. பிரபல மாடல்களுக்குப் போலிகளும் உலவுகின்றன. சீரியல் நம்பரைத் தயாரிப்பாளரிடம் சரிபார்த்த பிறகே பணம் கொடுங்க.

தங்கைகளுக்கு இது: கிளம்பும்போது வளையல், மோதிரம், மெட்டி எல்லாம் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்க. தோண்டிய மண்ணை ஒரு பிளாஸ்டிக் கரண்டியில் அள்ளி, பாதி பாதியாகப் பிரித்து, காயிலுக்கு மேல் காட்டித்தான் துணுக்கைக் கண்டுபிடிப்போம். அந்த நேரத்தில் கையில் ஒரு வளையல் இருந்தால் ஒவ்வொரு கரண்டியும் தங்கமாகவே கத்தும். ஒரு மத்தியானம் முழுக்க என் வளையலைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

ஹெட்ஃபோன் அவசியம். ஆழத்தில் கிடப்பது கத்தாது, லேசாக முனகும். காயிலைத் தரையை ஒட்டி, மெதுவாக, ஒரு வீச்சின் மேல் அடுத்த வீச்சு படும்படி நகர்த்துங்க.

விக்டோரியாவில் 'மைனர்ஸ் ரைட்' அனுமதிச் சீட்டு இல்லாமல் தேடக் கூடாது. கட்டணம் சொற்பம், 10 ஆண்டு செல்லும். தேசியப் பூங்காக்களில் பெரும்பாலும் தடை, தனியார் நிலமென்றால் உரிமையாளரிடம் கேட்க வேண்டும். தோண்டிய குழியை மூடியே ஆக வேண்டும். பழைய சுரங்கக் குழிகள் வாய் திறந்தபடி கிடக்கும், வெயில் காலத்தில் பாம்பும் உண்டு. குழந்தைகளைக் கூட்டிப் போனால் கண்ணை எடுக்காதீங்க. குளிர்காலத்தில் மண் நனைந்து இளகியிருக்கும்; நான் அப்போதுதான் போகிறேன்.

முதல் துணுக்கு கிடைத்தால் உருக்கக் கொடுத்துவிடாதீங்க. இயற்கையாகக் கிடைத்த வடிவத்திலேயே இருக்கும் கட்டிக்குப் பல நேரம் உருக்கிய தங்கத்தைவிடக் கூடுதல் விலை உண்டு.