பச்சைக் குழந்தையைக் காப்போம்

மகாராஷ்டிர மாநிலத்தில் கட்சிரோலி ஒரு மாவட்டம். காடு நிறைந்த இடம். முன்பு அங்கே பிரசவம் பெரும்பாலும் வீட்டில்தான். பிறந்த ஒரு மாதத்திற்குள் பல குழந்தைகள் இறந்தன. ஆஸ்பத்திரி வெகு தூரம். பச்சைக் குழந்தையைத் தூக்கிச் செல்லப் பெற்றோர் தயங்கினார்கள்.

டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் இருவரும் கணவன் மனைவி. குழந்தை வராவிட்டால் வைத்தியம் வீட்டுக்குப் போகட்டும் என்றார்கள். 1995-இல் 39 கிராமங்களில் வேலை தொடங்கியது. அந்தந்த ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் அதிகம் படித்தவர்கள் அல்ல.

அந்தப் பெண்கள் குழந்தையை எடை போட்டார்கள். உடம்பு சில்லிட்டிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார்கள். சில்லிட்டால் கதகதப்பாகச் சுற்றி வைத்தார்கள். மூச்சை ஒரு நிமிடம் எண்ணினார்கள். 60 அல்லது அதற்கு மேல் போனால் ஆபத்து. பால் குடிப்பதை நிறுத்தினாலும் ஆபத்துதான். கிருமி தாக்கிய குழந்தைக்கு ஊசியும் போட்டார்கள். ஊசியா, இவர்களா என்று கேட்கத் தோன்றும். அதற்கும் பயிற்சி பெற்றிருந்தார்கள்.

முன்பு 1000 குழந்தைகளில் 62 குழந்தைகள் ஒரு மாதத்திற்குள் இறந்தன. மூன்றே ஆண்டுகளில் அது சுமார் 25 ஆகக் குறைந்தது.

2011-இல் இந்திய அரசும் இதேபோன்ற திட்டத்தைத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையை ஆஷா பணியாளர் 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும். வீட்டில் பிறந்தால் முதல் நாளே வர வேண்டும்.