முகத்தின் தோலும் முகக் களிம்பும்

ஆலத்தியூர்ப் பகுதியிலிருந்து எங்களிடம் வருவோர் பலர், நிறம் கூடும் என்று மருந்துக்கடையில் தாமே வாங்கிய முகக் களிம்பைக் காட்டுகின்றனர். மொமெட்டசோன், ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின் ஆகிய மூன்றும் கலந்த களிம்புகளே அவற்றுள் மிகுதி. மங்குக்காகச் சில வாரங்களுக்கு மட்டும் மருத்துவர் எழுதும் மருந்து அது. கருவுற்றோர் தொடவே கூடாது. மாதக்கணக்கில் பூசினால் அதிலுள்ள ஸ்டீராய்டு தோலை மெலியச் செய்கிறது. இரத்தக் குழாய்கள் சிவந்து தெரிகின்றன, பருக்கள் பெருகுகின்றன. நிறுத்தினாலோ எரிச்சல் தாளாமல் மீண்டும் பூசத் தோன்றுகிறது. இத்தகைய தவறான பயன்பாட்டை முன்னிட்டே 2018 மார்ச்சில் நடுவண் அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என ஆணையிட்டது. ஆயினும் கடையில் கேட்டால் கிடைக்கிறது என்பதே நாம் காணும் நிலை.

தோலின் வகையை வீட்டிலேயே அறியலாம். முகம் கழுவி, எதுவும் பூசாமல் ஒரு மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். முகம் முழுதும் பளபளத்தால் எண்ணெய்த் தோல். நெற்றியும் மூக்கும் மட்டும் எனில் கலப்புத் தோல். இழுத்துப் பிடித்தால் உலர்தோல். எண்ணெய்த் தோலுக்கு ஜெல் வகை போதும். பருவுள்ள முகத்தில் தேங்காயெண்ணெய் வேண்டாம். உலர்தோலில் ஈரம் காயுமுன் ஈரப்பதக் களிம்பைப் பூசுக.

சிமென்ட் தூசியில் பணிபுரிவோருக்கு ஒன்று. நலமான தோல் சற்றே அமிலத்தன்மையுடையது; சிமென்டு கடுங்காரம், கட்டிச் சோப்பும் காரமே. முதலில் நிறைய நீரால் அலசி, பின் மென்மையான முகக் கழுவியைப் பயன்படுத்துங்கள், தேய்க்காதீர்கள். எலுமிச்சைச் சாறு சமையலறையிலேயே இருக்கட்டும்.

நெடுநாள் ஸ்டீராய்டு பூசியவர்கள் திடீரென நிறுத்தாமல், களிம்புக் குழாயுடன் புறநோயாளர் பிரிவுக்கு வருக. படிப்படியாகக் குறைக்கும் முறையை நாங்கள் எழுதித் தருவோம்.