அண்டூ இல்லாத வேலை: பழைய டைப் ஆரின் பெயின்ட்டை வீட்டிலேயே மீட்பது



கார் எபிசோட் போனதிலிருந்து வாற கேள்விகளில பாதி ஒரே கேள்விதான். "அண்ணா, பழைய ஜப்பான் கார் ஒன்று எடுத்திட்டன். எஞ்சின் நல்லாத்தான் இருக்கு, பெயின்ட்தான் செத்துப் போச்சு. வீட்டில வைச்சு நானே செய்யலாமா?"

செய்யலாம். ஒரு பொலிஷ் மெஷின், இரண்டு வாளி, ஒரு நீண்ட வார இறுதி இருந்தா பெரும்பாலான வேலை முடியும். தேய்க்கிறது எப்படி என்று யூட்யூப்ல ஆயிரம் பேர் காட்டுவினம். எங்க தேய்க்காமல் விடவேணும் என்று சொல்லுற ஆக்கள் குறைவு. அதனால இந்த மடல்ல அதைத்தான் கூடக் கதைக்கப் போறன்.

உதாரணத்துக்கு என்ர காரையே எடுப்பம். 2000 ஆம் ஆண்டு ஹொண்டா இன்டெக்ரா டைப் ஆர், டிசி2, மிலானோ சிவப்பு. இங்க பிரிட்டனில 1998 முதல் 2001 வரைதான் இதை வித்தவை. 1.8 லிட்டர் விடெக் எஞ்சின், 8,000 ஆர்பிஎம் தாண்டியும் கத்திக்கொண்டு ஏறும். கிரான் டூரிஸ்மோ விளையாடி வளர்ந்த எங்கட வயசுக்காரருக்கு இதுக்கு மேல விளக்கம் தேவையில்லை. இப்படி ஒன்று இனி ஃபாக்டரியிலிருந்து வரப்போறதில்லை. அதன்மேல ஃபாக்டரி அடிச்ச பெயின்ட்டும் அப்படித்தான்.

முதல்ல அந்தப் பெயின்ட் எவ்வளவு மெல்லியது என்று விளங்கிக்கொள்ளுங்கோ. வெறும் இரும்புக்கு மேல கறள் தடுக்கிற பூச்சு, அதுக்கு மேல ப்ரைமர், பிறகு நிறம், கடைசியாக நிறமில்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்த்தே பழைய ஜப்பான் கார்களில சுமார் 80 முதல் 120 மைக்ரோன்தான். தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்ரோன். ஒன்றரைத் தலைமயிர் தடிப்புக்குள்ள நாலு லேயர்! அதில கிளியர் கோட்டின் பங்கு 40 மைக்ரோன் அளவு. வெயிலின் யூவி கதிரை நிறத்துக்குப் போகாமல் தடுக்கிறதும் இந்த லேயர்தான்.

பொலிஷ் பண்ணுறது என்றால் கீறலை நிரப்புறது என்றுதான் பலரும் நினைக்கினம். உண்மையில கீறலைச் சுத்தியிருக்கிற பெயின்ட்டை, கீறலின் அடி மட்டத்துக்கு வரும்வரை சீவி எடுக்கிறம். மெல்லிய ஃபினிஷிங் பொலிஷ் ஒரு மைக்ரோன் அளவு எடுக்கும். கம்பவுண்டும் கரடான பேட்டும் சேர்ந்தால் மூன்று, நாலு, சிலவேளை அதுக்கு மேலயும் போகும். எங்கட மாமாமார் சொல்லுற "கட் அண்ட் பொலிஷ்" இருக்கே, அதில "கட்" என்ற சொல் சும்மா போட்டதில்லை. ஒவ்வொரு வருசமும் கட் அண்ட் பொலிஷ் போட்டால் கார் புதுசு மாதிரி இருக்கும் என்று அவை சொல்லுறது சரிதான், கிளியர் கோட் முடியும் வரைக்கும்.

ஆக, உங்களிட்ட இருக்கிறது ஒரு பட்ஜெட். டொப்-அப் பண்ண முடியாத பட்ஜெட். முந்தின ஓனர் எவ்வளவு செலவழிச்சார் என்ற ஸ்டேட்மென்டும் கையில இல்லை.

அதனால எழுதுறதுக்கு முதல் வாசியுங்கோ. பேக்கப் இல்லாத ப்ரொடக்ஷன் டேட்டாபேஸ் ஒன்றுக்குள்ள போனவுடனேயே ஆராவது டிலீட் கட்டளை அடிப்பினமா? ரீட்-ஒன்லியாகப் போய் என்ன இருக்கு என்று பார்ப்பம் இல்லையா? இங்க அதுக்கு இருக்கிற கருவி பெயின்ட் டெப்த் கேஜ். நூறு பவுண்டுக்குள்ள வேலைக்குப் போதுமானது கிடைக்கும். பனலில வைச்சால் இரும்புக்கு மேல எத்தனை மைக்ரோன் இருக்கு என்று சொல்லும். பம்பர் பிளாஸ்டிக், அதில இது வேலை செய்யாது. ஒவ்வொரு பனலிலும் பத்து இடமாவது அளந்து குறிச்சு வையுங்கோ. (ஓம், நான் ஸ்ப்ரெட்ஷீட் போட்டனான். சிரிக்க வேண்டாம்.)

என்ர காரில பொனட் 95 முதல் 105. கதவுகள் 110 பக்கம். இடது பின் பனலில திடீரென்று 240. "அடிபடாத கார், தம்பி" என்று சொல்லித்தான் வித்தவர். அந்தப் பக்கம் ஒருமுறை திரும்பப் பெயின்ட் அடிச்சிருக்கு என்று கேஜ் சொல்லிப்போட்டுது. 500, 600 என்று காட்டினால் உள்ளுக்குள்ள ஃபில்லர் இருக்கு என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனா என்னைக் கவலைப்படுத்தினது 240 இல்லை. கூரையின் நடுவில இருந்த 74. கதவு நிலைக்கு உள்பக்கம், ஒருத்தரும் பொலிஷ் பண்ணாத இடத்திலயே 85 இருந்தது. உள்பக்கம் சாதாரணமாகவே மெல்லிசாகத்தான் அடிப்பினம். வெளிப்பக்கம் அதையும் விடக் குறைவு என்றால், ஆரோ ஏற்கெனவே நல்லாச் சீவியிருக்கினம்.

கேஜ் மொத்தத் தடிப்பை மட்டும்தான் சொல்லும், கிளியர் கோட் எவ்வளவு என்று பிரிச்சுச் சொல்லாது. மலிவான கேஜில இரண்டு மூன்று மைக்ரோன் பிழையும் வரும். ஒருமுறை பொலிஷ் பண்ணிப்போட்டு எவ்வளவு போச்சு என்று அளக்க வெளிக்கிட வேண்டாம். அந்த வித்தியாசம் கருவியின் பிழைக்குள்ளேயே ஒளிஞ்சிடும்.

இன்னொரு டெஸ்ட், சிவப்புக் கார் வைச்சிருக்கிற ஆக்களுக்கு. அந்தக் காலத்துச் சிவப்புப் பல கார்களில கிளியர் கோட்டே இல்லை. நிறமும் பளபளப்பும் ஒரே லேயர், சிங்கிள் ஸ்டேஜ் என்பினம். பழைய சிவப்பு ஹொண்டாவும் மஸ்டாவும் ரோஸ் நிறமாக மங்கி நிற்கிறதைக் கண்டிருப்பீங்கள். வெள்ளைத் துணியில கொஞ்சம் பொலிஷ் எடுத்து மறைவான இடம் ஒன்றில தேயுங்கோ. துணி சிவந்தால் சிங்கிள் ஸ்டேஜ். ஏற்கெனவே திரும்பப் பெயின்ட் அடிச்ச பனலில வேற மாதிரி வரலாம், அதனால பனல் பனலாகச் செய்யுங்கோ. சிங்கிள் ஸ்டேஜுக்கு ஒரு நல்ல குணம்: மேல செத்துப்போன படலத்தை மெதுவாக எடுத்தால் கீழ இருக்கிற உயிருள்ள நிறம் திரும்பி வரும். அந்த ரோஸ் நிறத்துக்குள்ள இருந்து சிவப்பு எழும்பி வாறதைப் பார்க்க நல்ல சந்தோசம். அந்தச் சந்தோசத்திலதான் ஆக்கள் நிப்பாட்ட மறக்கிறது.

கழுவுற வேலையைச் சுருக்கமாகச் சொல்லுறன். ஃபோம் அடிச்சு ஊறவிட்டு அலம்புங்கோ. பிறகு ஒரு வாளியில ஷாம்பு, ஒரு வாளியில வெறும் தண்ணி. பிரேக் தூளைக் கரைக்கிற ஃபாலவுட் ரிமூவர் இரும்புத் துகளில பட்டு ஊதா நிறமாக ஓடும். மணம் அழுகின முட்டை மாதிரி, பக்கத்து வீட்டாருக்கு முதலே சொல்லிவையுங்கோ. கடைசியாக க்ளே. நிலத்தில விழுந்த க்ளேயைத் திரும்பப் பாவிக்க வேண்டாம், அதில ஒட்டின மண் கண்ணாடித்தாள் மாதிரிக் கீறும்.

மெஷின் வாங்கினால் டூவல் ஆக்ஷன் வாங்குங்கோ. பேட் சுத்திக்கொண்டே ஆடும். ஒரே இடத்தில சூடேறாது, அதனால புதுசா செய்யிறவருக்குப் பாதுகாப்பு. ரோட்டரி கெதியாக வெட்டும், பெயின்ட்டையும் கெதியாக எரிக்கும். விளிம்புகளிலயும் பொனட்டின் மடிப்புக் கோடுகளிலயும் பெயின்ட் இன்னும் மெல்லிசு, அதுகளுக்கு டேப் ஒட்டிவிடுங்கோ. பக்கத்து ஸ்டிக்கர்களின் ஓரத்துக்கும் ஒட்டுங்கோ, பேட் பட்டால் உரிச்சுப்போடும்.

பிறகு நிழல்ல, குளிர்ந்த பனலில, 50 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றைத் தெரிவு செய்து, வைச்சிருக்கிறதிலேயே ஆக மெல்லிய பொலிஷும் ஆக மென்மையான பேட்டும் கொண்டு தொடங்குங்கோ. ஐசோப்ரொப்பைல் அல்கஹோல் கலந்த திரவத்தால எண்ணெய்ப் பசையைத் துடைச்சுப்போட்டு டோர்ச் அடிச்சுப் பாருங்கோ. இல்லாட்டி எண்ணெய் கீறலை மறைச்சு உங்களை ஏமாத்தும். காணாது என்றால் மட்டும் ஒரு படி கூட்டுங்கோ. எண்பது வீதக் கீறல் போனால் அதுதான் உங்கட செட்டிங். முழுக்காருக்கும் அதையே வையுங்கோ. மிச்ச இருபது வீதம் ஆழமான கீறல்கள். அதுகளைத் துரத்திக்கொண்டு போனால் சுத்தியிருக்கிற நல்ல பெயின்ட்டையும் சேர்த்துச் செலவழிப்பீங்கள்.

என்ர கூரையில நான் மெஷின் வைக்கவேயில்லை. கையால மெல்லிய பொலிஷ் ஒருமுறை, அவ்வளவுதான். நல்ல வெயில்ல பார்த்தால் இப்பவும் சிலந்தி வலை மாதிரிக் கீறல் தெரியும். தெரியட்டும்.

சில இடங்கள் பொலிஷுக்கு அப்பாற்பட்டவை. கிளியர் கோட் வெள்ளை வெள்ளையாக உரியத் தொடங்கினால் அது செத்துப்போன லேயர்; தேய்க்கத் தேய்க்க ஓட்டை பெருக்கும். அந்தப் பனலுக்குத் திரும்பப் பெயின்ட் அடிக்கத்தான் வேணும். இங்க ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் விளையாட்டாக எடுக்க வேண்டாம். கடையில ஸ்ப்ரே டின்னில விக்கிற டூ-கே கிளியரில ஐசோசயனேட் இருக்கு. அதைச் சுவாசிச்சால் வாழ்நாள் முழுக்க ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போனால் பிறகு கொஞ்சம் பட்டாலே மூச்சுத் திணறும். அதனாலதான் இங்க எச்எஸ்இ, இதை அடிக்கிறவை வெளியிலிருந்து சுத்தமான காற்றுக் குழாயால வாற முகமூடி போடவேணும் என்கிறது. சாதாரண ஃபில்டர் மாஸ்க் காணாது. கராஜ் கதவைத் திறந்துவைச்சால் சரி என்று நினைக்காதேங்கோ; அந்தப் புகார் கண்ணுக்குத் தெரியாமல் அங்கேயே நிற்கும், உள்ளுக்க உங்கட தங்கச்சி சைக்கிள் எடுக்க வருவா. இந்த வேலையை ஸ்ப்ரே பூத் வைச்சிருக்கிற கடைக்குக் குடுங்கோ.

அடுத்தது கறள். டிசி2 எடுக்கிற எல்லாரும் முதல்ல குனிஞ்சு பார்க்கிறது பின் சில்லு ஆர்ச்சைத்தான். இரண்டு தகடு சேருற மடிப்புக்குள்ள குளிர்காலத்து ரோட்டு உப்பும் ஈரமும் தங்கும், கறள் உள்ளுக்க இருந்து வெளிய வரும். வெளிய ஐந்து பென்ஸ் காசளவு கொப்புளம் தெரிஞ்சால் உள்ளுக்க உள்ளங்கையளவு இருக்கலாம். ஸ்க்ரூட்ரைவர் பிடியால மெதுவாகத் தட்டுங்கோ. சத்தம் உறுதியாக இருந்து, மேற்பரப்பில மட்டும் கறள் என்றால் சுரண்டி, கறள் மாற்றி பூசி, ப்ரைமர் அடிக்கலாம். தகடு நொறுங்கினால் அது வெல்டிங் வேலை. மேல ஃபில்லர் அப்பி மினுக்கிவிட்டால் அடுத்த குளிர்காலத்துக்குள்ள திரும்பி வரும். நல்லாயிருக்கிற ஆர்ச்சுக்கு உள்பக்கமாகக் குழாய் விட்டு கேவிட்டி வாக்ஸ் அடிச்சு வையுங்கோ. முப்பது பவுண்டுச் செலவு, ஒருத்தரும் காணப்போறதில்லை, ஆனா பொனட்டில காட்டுற மினுக்கத்தை விட இந்தக் காருக்கு இதுதான் ஆயுள்.

மஞ்சளாகிப்போன ஹெட்லைட்டை 1,000, 2,000, 3,000 என்று தாள் மாற்றி ஈரமாகத் தேய்ச்சுப் பொலிஷ் பண்ணலாம். ஆனா அதோட பழைய யூவி பூச்சும் போயிடும், புதுசாக ஒன்று பூசாட்டி ஒரு கோடையிலேயே திரும்ப மஞ்சளாகும்.

எல்லாம் முடிஞ்ச பிறகு மேல வாக்ஸோ செராமிக்கோ, உங்கட விருப்பம். வாக்ஸ் இரண்டு மாதத்தில போயிடும், திரும்பப் போடலாம். செராமிக் வருசக்கணக்கில நிற்கும், ஆனா அடியில விட்ட கீறலையும் சேர்த்துப் பூட்டிவைக்கும். இரண்டில எது போட்டாலும், பெற்றோல் ஷெட்டில இருக்கிற பிரஷ் கார்வாஷுக்குள்ள மட்டும் கொண்டுபோய் விட்டிடாதேங்கோ. முதல் ஆளின் காரிலிருந்த மண் அந்த பிரஷ்ஷில அப்பிடியே உங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.