வலிப்பு கண்ட எலியும் அதன் கூண்டும்

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவக் கழகத்தில் 1998-ஆம் ஆண்டு முதல் வலிப்பு நோய்க்கெனத் தனி மையம் இயங்கி வருகின்றது. மருந்தாலோ அறுவையாலோ வலிப்பு அடங்கிய பின்னரும் சிலருக்கு ஞாபக சக்தி குன்றியே நிற்பதுண்டு. வாழும் சூழல் இக்குறையைத் தணிக்குமா என்பதை எலிகளைக் கொண்டு ஆராய்ந்துள்ளனர்.

1999-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், விளையாட்டுப் பொருள்களும் குழாய்களும் கூட்டாளிகளும் நிறைந்த பெரிய கூண்டில் வாழ்ந்த எலிகளுக்குக் கயினிக் அமிலம் செலுத்தப்பட்டது. கடற்பாசியிலிருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்ட இவ்வமிலம் வலிப்பை உண்டாக்க வல்லது. வெறுங்கூண்டு எலிகளைக் காட்டிலும் இவை அதனை நன்கு தாங்கின. நரம்பணுக்களைப் பேணும் புரதங்களும் இவற்றின் மூளையில் மிகுந்திருந்தன.

வலிப்பு வந்த பின் சூழலை மாற்றினால் பயன் உண்டா? 2002-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகர ஆராய்ச்சியாளர், நீடித்த வலிப்பிற்கு உள்ளான இளம் எலிகளை இரு பிரிவாக்கினர். தொட்டி நீரில் மறைந்திருந்த மேடையைச் செழுஞ்சூழல் எலிகள் விரைவில் கண்டுகொண்டன. ஆனால் மூளையின் சேதம் இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒன்றே. நினைவிற்கு ஆதாரமான ஹிப்போகாம்பஸ் பகுதியில் புதிய அணுக்கள் மட்டும் கூடுதலாகத் தோன்றியிருந்தன. அதாவது, புண் ஆறவில்லை; செயல் தேறிற்று.

ஆய்வுக்கூடத்து வெறுங்கூண்டே ஒரு குறைவாழ்வு என்பதை மறத்தலாகாது. செழுஞ்சூழல் எனப்படுவது எலியின் இயல்பான வாழ்வை ஓரளவு நெருங்கியதே. எலியிடம் கண்ட முடிவை மனிதனுக்கு அப்படியே ஏற்றுதல் கூடாது. மருந்தை நிறுத்தவும் இது இடந்தராது. எனினும், அச்சத்தால் பள்ளியினின்று நிறுத்தப்பட்டு வீட்டு மூலையில் இருத்தப்படும் குழந்தையின் நிலை எந்தக் கூண்டை ஒத்தது என்பதை ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்கலாம். நீச்சலுக்கும் மரமேறுதலுக்கும் காவல் வேண்டும். வகுப்பறைக்கும் விளையாட்டிற்கும் பெரும்பாலும் தடையில்லை.