ஃபிஷிங், விஷிங், ஸ்மிஷிங்: பெயரிலேயே இருக்கிறது தந்திரம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்றுவிட்டீர்கள். இனி உங்கள் வங்கியிலிருந்து "ஃபிஷிங் மெயில்கள் குறித்து எச்சரிக்கை" என்ற அறிவிப்பு அடிக்கடி வரும். பழைய ஆங்கில அகராதியில் இந்தச் சொல் கிடைக்காது. ஆனால் அது உருவான விதம் தெரிந்தால் மோசடியே புரிந்துவிடும்.

மீன் பிடித்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில், எஃப் எழுத்தை எடுத்துவிட்டு பி, எச் எழுத்துகளைப் போட்டார்கள். டெலிபோன் இணைப்புகளை ஏமாற்றி இலவசமாகப் பேசியவர்களின் வேலைக்கு அதற்கு முன்பே 'ஃப்ரீக்கிங்' என்று பெயர் இருந்தது. அதன் சாயல்தான் இந்த எழுத்து மாற்றம். 1990களில் அமெரிக்கா ஆன்லைன் வாடிக்கையாளர்களின் பாஸ்வேர்டுகளைத் திருடியவர்களிடையே இச்சொல் பரவியது.

இங்கே தூண்டில் என்பது மெயில். "உங்கள் கணக்கு முடக்கப்படும்" என்ற பயம்தான் புழு. மெயிலில் உள்ள லிங்க்கை கிளிக் செய்யாமல், மவுஸ் சுட்டியை அதன் மேல் வைத்துப் பாருங்கள். பிரவுசரின் கீழ் மூலையில் உண்மையான முகவரி தெரியும். வங்கியின் பெயர் அதில் எங்காவது இருந்தால் போதாது. இரட்டைச் சாய்வுக்கோட்டை அடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்வுக்கோட்டிற்குச் சற்று முன்னால் இருப்பதுதான் தளத்தின் சொந்தப் பெயர். அதற்கும் முன்னால் புள்ளி வைத்து எந்த வங்கியின் பெயரை வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம்! சந்தேகம் இருந்தால் வங்கியின் முகவரியை நீங்களே டைப் செய்து செல்லுங்கள்.

மற்றவை இதன் குட்டிகள். எஸ்.எம்.எஸ். வழியாக வந்தால் ஸ்மிஷிங். 'வாய்ஸ்' சேர்ந்தால், அதாவது போனில் பேசி ஏமாற்றினால், விஷிங். கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்யச் சொன்னால் குவிஷிங். உங்களுக்குப் பணம் வருவதற்கு யு.பி.ஐ. பின் நம்பர் தேவையே இல்லை. கேட்டால், பணம் போகப்போகிறது என்று பொருள்.

'டிஜிட்டல் அரெஸ்ட்' மட்டும் வேறு ஜாதி. இது மோசடிக்காரர்களே பரப்பிய சொல். போலீஸ் உடையில் வீடியோ காலில் தோன்றி, கேமராவை விட்டு நகரக்கூடாது என்று மிரட்டுவார்கள். சட்டப்படி இருப்பது போல ஒலிப்பதால் படித்தவர்களும் நம்பிவிடுகிறார்கள். இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. பிரதமரே 2024 அக்டோபரில் வானொலி உரையில் இதைச் சொன்னார். இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்கவும். பணம் அடுத்த கணக்குக்குக் கைமாறும் முன் முடக்க வாய்ப்பு உண்டு.